பச்சை டிராகனும் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்டும்

டிராகன் மேல் ஏறிப் பறக்கும் வீரர்களின் கதைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாளைக்கு காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சை என்றாலும் பாடப் புத்தகத்துக்கு நடுவில் வைத்துப் படிக்கிற அளவுக்குப் பிடிக்கும். ஆனாலும் அந்தக் கதைகள் மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. நெருப்பு கக்கும் மிருகம், மனசோடு மனசு பேசும் வித்தை, கண் மூடித் திறப்பதற்குள் ஊர் விட்டு ஊர் தாவும் சக்தி, எல்லாவற்றையும் கூச்சமே இல்லாமல் கற்பனை செய்கிறார்கள். ஒரு ஆண் இன்னொரு ஆணைக் காதலிக்கிறான் என்று எழுத வேண்டிய இடம் வந்தால் மட்டும் ஏன் தொண்டையைச் செருமுகிறார்கள்?

இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். டிராகன் கதையே படிக்காதவர்கள் பயப்பட வேண்டாம், எல்லாவற்றையும் விளக்கிச் சொல்கிறேன். நடுவில் நம்ம கூவாகம் வரும். எங்கள் ஊர் சுந்தரரும் வருவார். :-)

பெர்ன் என்ற கிரகம்

டிராகன் வீரர் கதைகளுக்கெல்லாம் தாய்வீடு என்றால் ஆன் மெக்காஃப்ரி எழுதிய பெர்ன் வரிசைதான். 1926-ல் அமெரிக்காவில் பிறந்தவர், 1970-ல் அயர்லாந்துக்குக் குடிபோனார், 2011-ல் அங்கேயே காலமானார். 1967-ல் ஒரு பத்திரிகையில் வந்த முதல் பெர்ன் குறுநாவலுக்கு 1968-ல் ஹ்யூகோ விருது கிடைத்தது. புனைகதைக்காக அந்த விருதை வாங்கிய முதல் பெண் அவர்தான். 1968-ல் 'டிராகன்ஃப்ளைட்' நாவலாக வந்தது. அதற்குப் பிறகு வரிசையாகப் புத்தகங்கள்.

கதை இதுதான். பெர்ன் கிரகத்தின் மேல் பல வருடங்களுக்கு ஒரு முறை வானத்திலிருந்து நூல் நூலாக ஒரு கொடிய உயிர் விழும். பட்ட இடமெல்லாம் பயிர் பச்சை, ஆடு மாடு, மனிதன், எதுவும் மிஞ்சாது. அதை வானத்திலேயே எரித்து அழிக்க டிராகன்கள். முட்டையிலிருந்து வெளியே வந்த குட்டி டிராகன், எதிரே நிற்கிற இளைஞர்களில் ஒருவரைத் தானே தேர்ந்தெடுக்கும். அந்த நிமிஷத்திலிருந்து சாகும் வரை இருவருக்கும் ஒரே மனசு. வீரன் செத்தால் டிராகனும் உயிரை விட்டுவிடும்.

டிராகன்களில் ஐந்து நிறம். தங்கமும் பச்சையும் பெண். வெண்கலம், பழுப்பு, நீலம் மூன்றும் ஆண். தங்க டிராகன்தான் ராணி, முட்டையிடுவது அது, அதன் மேல் ஏறுவது ஒரு பெண். மற்ற எல்லா நிறத்துக்கும் வழக்கப்படி ஆண் வீரர்கள்தான். பச்சைக்கும் சேர்த்து. பச்சைகள்தான் எண்ணிக்கையில் அதிகம் வேறு.

இப்போது சிக்கலுக்கு வருவோம். டிராகன்கள் ஜோடி சேரும்போது அதன் வேகம் வீரர்களின் மனசிலும் ஏறும், அவர்களும் சேர்ந்துவிடுவார்கள் என்பது அந்த உலகத்தின் விதி. தங்க டிராகனும் வெண்கல டிராகனும் சேர்ந்தால் ஒரு பெண்ணும் ஆணும். சரி. பச்சை டிராகனும் நீல டிராகனும் சேர்ந்தால்? இரண்டு ஆண்கள்.

யோசித்துப் பாருங்கள். 1968-ல், நியூயார்க்கில் ஸ்டோன்வால் கலவரம் நடப்பதற்கு ஒரு வருடம் முன்னால், பிரபலமான ஒரு கதை உலகத்தில், ஊரைக் காப்பாற்றும் படையில் பாதிப் பேருக்கு மேல் ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள். விதியை வைத்துக் கணக்குப் போட்டால் வேறு விடை வராது. எழுதியவர் இதைத் திட்டம் போட்டுச் செய்தாரா, கதை விதி தானாக இங்கே கொண்டு வந்து விட்டதா என்பது அவருக்கே வெளிச்சம். ஆனால் புத்தகத்தில் இதற்கு என்ன இடம் கிடைத்தது என்று பார்த்தால், முதல் நாவலில் வெளிப்படையான பேச்சே இல்லை. பின்னால் வந்தவற்றிலும் பெரும்பாலும் ஜாடைமாடைதான். பச்சை வீரர்கள் என்றாலே கொஞ்சம் நிலையில்லாதவர்கள் என்ற ஒரு தொனி வேறு.

சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

பி.காம் படிக்கிற நண்பர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கிவிடலாம். ட்ரையல் பேலன்ஸ் போடுகிறோம், டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகவில்லை. என்ன செய்வோம்? வித்தியாசத் தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தூக்கிப் போட்டுவிட்டு மேலே போவோம். அதில் தப்பில்லை. ஆனால் அது தற்காலிகம். பிழை எங்கே என்று கண்டுபிடித்து அந்தக் கணக்கை மூட வேண்டும். வருஷக் கணக்காக மூடாமல் வைத்திருந்தால் ஆடிட்டர் சட்டையைப் பிடிப்பார்.

பெர்னில் பச்சை வீரர்கள்தான் அந்த சஸ்பென்ஸ் அக்கவுண்ட். "பெண் டிராகன் மேல் ஆண் வீரன்" என்ற பதிவு கதையில் டேலி ஆகவில்லை. அதனால் வித்தியாசத்தை ஓரமாகப் போட்டுவிட்டுக் கதாநாயகன், கதாநாயகி, அரசியல், போர் என்று மேலே போய்விட்டார்கள். அந்தத் தொகைக்குள் எத்தனை மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்கள் ராத்திரி யாரை நினைத்துத் தூங்காமல் இருந்தார்கள் என்று யாரும் திறந்து பார்க்கவில்லை.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. "டிராகன்தான் செய்ய வைத்தது" என்பது ஒரு சாக்கு. இரண்டு ஆண்கள் சேர்கிறார்கள், ஆனால் அவர்கள் ஆசைப்பட்டு இல்லை, மிருகத்தின் வேகத்தில். காலையில் எழுந்தால் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். (இந்த விதி பெண்களுக்கும் நல்லது செய்யவில்லை. முதல் நாவலில் கதாநாயகி லெஸ்ஸாவுக்கும் ஃப்'லாருக்கும் முதல் உறவு டிராகன்களின் வேகத்தில்தான் நடக்கிறது. அவள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.) ஆக, உறவு இருக்கிறது, விருப்பம் இல்லை. உடம்பு இருக்கிறது, ஆள் இல்லை.

தமிழில் இதே கோளாறு ஒரு சொல்லிலேயே இருக்கிறது. ரொம்ப நாளாக நாம் பயன்படுத்தி வரும் சொல் 'ஓரினச்சேர்க்கை'. சேர்க்கை என்றால் என்ன? உடம்பு சேர்வது. ஒரு ஆணும் பெண்ணும் காதலிப்பதை நாம் 'ஈரினச்சேர்க்கை' என்று சொல்கிறோமா? காதல் என்கிறோம். கல்யாணப் பத்திரிகையில் போடுகிறோம். இவர்களுக்கு மட்டும் படுக்கையறையைப் பெயராக வைத்திருக்கிறோம். இப்போது 'தன்பாலீர்ப்பு' என்ற சொல் பரவலாகி வருகிறது. ஈர்ப்பு என்றால் மனசு. ஒருவன் யாரோடும் சேராமல் வாழ்நாள் முழுக்கத் தனியாக இருந்தாலும் அவன் ஈர்ப்பு ஈர்ப்புதான். 2022-ல் தமிழ்நாடு அரசே இவர்களைக் கண்ணியமாக எந்தெந்தச் சொற்களால் குறிப்பிடலாம் என்று ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் தொடர்ச்சியாக வந்தது அது. அதே வழக்கில் 2021 ஜூன் 7 அன்று அவர் தந்த உத்தரவில்தான், இவர்களை 'மாற்றுகிறேன்' என்று வைத்தியம் பார்ப்பதற்குத் தடை சொன்னார். தனக்கு இந்த விஷயம் புரியவில்லை என்று ஒரு உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதிய தீர்ப்பு அது. ஒரு நீதிபதி அவ்வளவு மெனக்கெட முடியும் என்றால் கதை எழுதுகிறவர் கொஞ்சம் மெனக்கெடலாம்.

என் அளவுகோலை இந்த இரண்டு சொற்களை வைத்தே சொல்லிவிடுகிறேன். ஒரு கதையில் இருப்பது சேர்க்கை மட்டுமா, ஈர்ப்பும் உண்டா? பெர்ன் கதைகளில் பெரும்பாலும் சேர்க்கைதான்.

ஆனால் க்'லான் இருக்கிறானே!

மெக்காஃப்ரிக்கு நியாயம் செய்ய வேண்டும். 1983-ல் வந்த 'மொரீட்டா' நாவலில் பெர்ன் முழுக்க ஒரு கொள்ளைநோய் பரவுகிறது. (கொரோனாவுக்குப் பிறகு இதைப் படித்தால் வயிற்றைப் பிசையும்.) அதில் க்'லான் என்று ஒரு நீல டிராகன் வீரன் வருகிறான். பெயருக்கு நடுவில் இருக்கும் அந்தக் குறியைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். டிராகன் கிடைத்ததும் வீரனின் பெயரைச் சுருக்குவது அங்கே வழக்கம். இவன் நோயில் விழுந்து பிழைத்தவன். ஆள் பற்றாக்குறை, அதனால் வைத்தியர் தரும் சேதிகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் பறக்கிறான். அவன் மனசெல்லாம் அ'மரி என்ற பச்சை வீரன் மேல். அ'மரிக்கு என்ன ஆச்சோ, பிழைப்பானா என்பதுதான் அவன் கவலை.

அவ்வளவுதான். பெரிய புரட்சி வசனம் எதுவும் இல்லை. டிராகன்கள் ஜோடி சேரும் காட்சியும் இதற்குத் தேவைப்படவில்லை. தன் ஆள் காய்ச்சலில் கிடக்கிறான் என்று பதறும் ஒருவன், அவ்வளவே. அந்த வரிசையில் மற்ற பச்சை, நீல வீரர்கள் எல்லாரையும்விட எனக்கு இவன்தான் ஞாபகத்தில் நிற்கிறான். சஸ்பென்ஸ் அக்கவுண்டிலிருந்து ஒரே ஒரு பதிவை எடுத்து அதற்குரிய பேரேட்டில் பெயரோடு எழுதிய மாதிரி.

அயர்லாந்தில் ஆணும் ஆணும் உறவு கொள்வது 1993 வரை சட்டப்படி குற்றம். அந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு 1983-ல் க்'லானை எழுதியிருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். (அதே அயர்லாந்து 2015-ல் மக்கள் வாக்கெடுப்பு வைத்து இவர்களின் திருமணத்துக்குச் சம்மதம் சொன்னது வேறு கதை.)

பின்னால் வந்தவர்கள்

இதே 'மிருகத்தோடு மனசு ஒட்டும்' பாணியில் 1989-ல் மெர்சிடிஸ் லாக்கி ஒரு மூன்று நாவல் வரிசை தொடங்கினார். அதில் டிராகன் இல்லை, மாயக் குதிரை. வான்யெல் என்ற கதாநாயகனே தன்பாலீர்ப்புள்ளவன். ஓரத்துப் பாத்திரம் இல்லை, கதையே அவனுடையது. ஆனால் அவன் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதல் காதலனை இழக்கிறான், கடைசியில் தானும் சாகிறான். இப்படிப்பட்டவர்களுக்கு நிம்மதியான முடிவு கிடையாது என்ற அந்தக் காலத்து எழுதாத சட்டத்தை அவராலும் மீற முடியவில்லை.

நவோமி நோவிக் 2006 முதல் 2016 வரை எழுதிய 'டெமெரேர்' வரிசை நெப்போலியன் போரில் டிராகன்களை இறக்கிவிட்ட கதை. அதில் கிரான்பி என்று ஒரு கேப்டன். பல புத்தகங்கள் நம்மோடு கூடவே வருகிறான். 2012-ல் வந்த புத்தகத்தில் அவனுடைய டிராகன் அவனை ஒரு மகாராணிக்குக் கல்யாணம் செய்து வைத்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கும்போதுதான், தனக்குப் பெண்கள் மேல் நாட்டமில்லை என்று வாயைத் திறக்கிறான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இதற்குத் தூக்குத் தண்டனையே உண்டு. அதனால் அத்தனை புத்தகங்களாக அவன் வாய் மூடி இருந்தது பொருத்தமாகவே இருக்கிறது. வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கிய பிறகே உண்மையைச் சொல்ல வேண்டி வரும் நம்ம ஊர்ப் பையன்களின் நிலைமையும் இதுதானே? டிராகனுக்குப் பதில் அத்தை என்று போட்டுக்கொள்ளுங்கள், கதை அப்படியே உளுந்தூர்பேட்டைக்குப் பொருந்தும்.

சினிமா பக்கம் வந்தால், 2014-ல் வந்த 'ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்' இரண்டாம் பாகத்தில் கொல்லர் காபர் வருவாரே, மரக்காலும் கொக்கிக் கையுமாக, தனக்கென்று ஒரு டிராகனும் வைத்துக்கொண்டு. கணவனும் மனைவியும் சண்டை போடுவதைப் பார்த்து, தான் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு இது ஒரு காரணம், இன்னொன்றும் உண்டு என்று முணுமுணுப்பார். அந்த 'இன்னொன்று' குரல் கொடுத்த கிரெய்க் ஃபெர்குசன் அந்த இடத்தில் சேர்த்த வசனம். இயக்குநர் டீன் டெப்ளாய்ஸ், தானும் தன்பாலீர்ப்புள்ளவர், ஆமாம் காபர் அப்படித்தான் என்று உறுதி செய்தார். நல்லதுதான். ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால்தான் புரியும்.

'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' தொடர் பார்த்தவர்கள் லேனார் வெலாரியனை மறந்திருக்க மாட்டார்கள். ஸீஸ்மோக் என்ற டிராகனின் வீரன். அரசியலுக்காக இளவரசி ரெனைராவோடு கல்யாணம். இருவரும் கடற்கரையில் நடந்துகொண்டே, எனக்கு ஒரு கறி பிடிக்கும் உனக்கு வேறு கறி பிடிக்கும் என்கிற மாதிரி பூடகமாகப் பேசி ஒப்பந்தம் போட்டுக்கொள்வது நல்ல காட்சி. ஆனால் அவனுடைய காதலன் ஜாஃப்ரி, கல்யாணக் கூடத்திலேயே அடித்துக் கொல்லப்படுகிறான். 2018-ல் வந்த மூல நூலில் லேனாரும் கொலையாகிறான். 2022-ல் வந்த தொடரில் அதை மாற்றி, செத்த மாதிரி நாடகமாடி இன்னொரு ஆளோடு படகேறித் தப்பித்துப் போவதாக வைத்தார்கள். நான் சந்தோஷப்பட்டேன். 2024-ல் வந்த இரண்டாம் பருவத்தில் ஸீஸ்மோக் வேறொருவனைத் தன் வீரனாக ஏற்றுக்கொண்டது. பழைய வீரன் உயிரோடு இருக்கும்போது டிராகன் வேறு ஆளை ஏற்காது என்பது ரசிகர்கள் நம்பும் விதி. ஆக லேனார் திரைக்குப் பின்னால் செத்தானா? யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. மறுபடியும் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்!

கூவாகத்துக்கு வருவோம்

இந்த இடத்தில் சில பேர் கேட்பார்கள்: "இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, நமக்கு எதற்கு?" கேட்கிறவர் எங்கள் பக்கத்து ஆளாக இருந்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஏனென்றால் எங்கள் உளுந்தூர்பேட்டை வட்டத்திலேயே இருக்கிறது கூவாகம்.

கதை எல்லாருக்கும் தெரியும். அர்ச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன் அரவான். (நாகத்தின் மகன்! டிராகனுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.) போரில் வெல்ல 32 லட்சணமும் பொருந்திய ஒருவனைக் களப்பலி தர வேண்டும். அரவான் சம்மதிக்கிறான். சாவதற்கு முன்னால் ஒரு நாளாவது கல்யாண வாழ்க்கை வேண்டும் என்கிறான். விடிந்தால் தாலி அறுக்க எந்தப் பெண் வருவாள்? கடைசியில் கிருஷ்ணனே மோகினியாகி வந்து மனைவியாகிறான். மறுநாள் அரவான் பலி, மோகினி விதவை. வியாச பாரதத்தில் இந்தக் கல்யாணம் கிடையாது. அங்கே அரவான் எட்டாம் நாள் போரில் அலம்புசன் கையால் சாகிறான். களப்பலி என்பது தமிழில் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே வருகிறது. கல்யாணத்தைச் சேர்த்தது நம்ம ஊர்க் கூத்தும் கோயிலும்.

ஒவ்வொரு வருடமும் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி எங்கெங்கிருந்தோ திருநங்கைகள் வந்து கூத்தாண்டவர் பெயரில் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அழிகளத்தில் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை கட்டிக்கொள்கிறார்கள். சுற்றுவட்டாரத்து ஆண்களும் வேண்டுதலுக்காகத் தாலி கட்டிக்கொள்வது உண்டு. மீசை வைத்த பெரியவர் கழுத்தில் மஞ்சள் கயிறு! அதைப் பார்த்து அங்கே யாரும் சிரிப்பதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். திருநங்கை வேறு, தன்பாலீர்ப்புள்ள ஆண் வேறு. திருநங்கை ஒரு பெண். ஆணை விரும்பும் ஆண், ஆணேதான். இரண்டையும் போட்டுக் குழப்பி 'ஒம்போது' என்று ஒரே வசவில் அடக்குவது நம்ம விடுதி அறைகளின் அறியாமை. கூவாகம் திருநங்கைகளின் விழா, அதை வேறு யாருக்கும் பங்கு போட எனக்கு உரிமையில்லை.

நான் சொல்ல வருவது கதையைப் பற்றி மட்டும். கூத்தாண்டவர் கதையிலும் ஒரு சாக்கு தேவைப்பட்டிருக்கிறது பாருங்கள். கிருஷ்ணன் கிருஷ்ணனாகவே இருந்து அரவானை மணக்க முடியாது, மோகினியாக வேண்டும். கல்யாணம் ஒரே ராத்திரி, அதுவும் மறுநாள் சாவு நிச்சயம் என்பதால். பெர்னில் டிராகன் சாக்கு, இங்கே அவதாரம் சாக்கு. ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. மோகினி அழுகிறாள். அந்த ஒப்பாரிக்குத்தான் கூவாகமே கூடுகிறது. அழுகை என்றால் அங்கே ஈர்ப்பு இருந்தது என்று அர்த்தம். வெறும் சேர்க்கைக்கு யாரும் வெள்ளைப் புடவை கட்டுவதில்லை. இந்த விஷயத்தில் எங்கள் வட்டத்துக் கூத்துக்காரர்கள் ஹ்யூகோ விருது வாங்கியவரையே முந்திவிட்டார்கள்.

யானை மேல் போனவர்

எங்கள் திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். அவர் கடைசியில் திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானை மேல் ஏறி வானத்தில் கயிலைக்குப் போனதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அவருடைய நண்பர் சேரமான் பெருமாள். சுந்தரர் போவதை அறிந்ததும் பொறுக்க முடியாமல் தன் குதிரையின் காதில் ஐந்தெழுத்தை ஓதுகிறார், குதிரையும் பறக்கிறது. நண்பருக்கு முன்னால் போய் நிற்கிறார்.

அது நட்பின் கதை. அதற்கு வேறு அர்த்தம் கற்பிக்க நான் வரவில்லை, வம்பு வளர்க்காதீர்கள். :-) நான் பார்ப்பது கதை சொல்லும் முறையை. அங்கே பறப்பதற்குக் காரணம் குதிரை இல்லை. பிரிய முடியாத மனசுதான் குதிரையைப் பறக்க வைக்கிறது. பெர்னில் தலைகீழ். மிருகத்தின் வேகம் மனிதனை இழுத்துக்கொண்டு போகிறது. நல்ல கற்பனைக் கதையில் மாயம் மனசுக்குப் பின்னால் வர வேண்டும் என்பது என் கட்சி.

எதிர்க்கேள்விகள்

"1968-ல் இவ்வளவு எழுதியதே பெரிசு" என்பீர்கள். உண்மைதான், அதற்கு நன்றி. ஆனால் முன்னோடி என்பதற்காக ஆடிட் செய்யாமல் விட முடியாது.

"பொழுதுபோக்குக் கதையில் இதையெல்லாம் ஏன் நுழைக்க வேண்டும்?" ஆண் பெண் காதலை நுழைக்காத ஒரு டிராகன் கதை காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

"தமிழில் மட்டும் என்ன வாழுதாம்?" இது நியாயமான கேள்வி. கரிச்சான் குஞ்சு 1978-லேயே 'பசித்த மானிடம்' எழுதினார், துணிச்சலான நாவல். அதற்குப் பிறகு பெரும் பகுதி மௌனம். சினிமாவில் 2006-ல் வந்த 'வேட்டையாடு விளையாடு' படத்தில் கொடூரக் கொலைகாரர்கள் இருவரைப் பார்த்துக் கதாநாயகன் ஏளனமாகக் கேட்கும் கேள்வி ஞாபகம் இருக்கும். அங்கிருந்து 2022-ல் 'நட்சத்திரம் நகர்கிறது', 2025-ல் 'காதல் என்பது பொதுவுடமை' வரை வந்திருக்கிறோம். ஆனால் மாயாஜாலம், ராஜா ராணி, பறக்கும் மிருகம் என்று எழுதுகிற தமிழ்க் கதைகளில் இன்னும் ஒரு க்'லான் என் கண்ணில் படவில்லை.

ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறேன்?

எங்கள் வகுப்பில் அறுபது பேர். அதில் ஒருவராவது இப்படி இருப்பார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அவர் யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். கடைசி பெஞ்சில் 'ஒம்போது' ஜோக் ஓடும்போது அவரும் சேர்ந்து சிரிக்கிறார், சிரிக்காவிட்டால் மாட்டிக்கொள்வோம் என்று. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 377-ஆம் பிரிவின் பிடியிலிருந்து அவரை விடுவித்துவிட்டது, அவர் குற்றவாளி இல்லை. 2023 அக்டோபர் 17 அன்று அதே நீதிமன்றம் கல்யாண உரிமையைத் தர மறுத்துவிட்டது. ஆக, சட்டமும் அவரைப் பாதி பேரேட்டிலும் பாதி சஸ்பென்ஸிலும் வைத்திருக்கிறது.

வீட்டில் சொல்ல முடியாது, விடுதியில் சொல்ல முடியாது. அவருக்கு மிச்சம் இருப்பது கதைதான். அந்தக் கதையிலும் அவரை மாதிரி ஒருவன் வந்தால் சிரிப்புக்கு வருகிறான், அல்லது சாக வருகிறான், அல்லது மிருகம் இழுத்த இழுப்புக்கு ஆடுகிறான் என்றால், அந்த அறுபதாவது ஆள் எங்கே போவார்? நூல் விழும் வானத்துக்குக் கீழே, ஊரைக் காப்பாற்றும் படையில், தன் ஆளுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டே தன் வேலையையும் ஒழுங்காகச் செய்கிற க்'லானை அவர் ஒரு தடவை படித்தால் போதும், இந்த உலகத்தில் தனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அதனால் கதை எழுதும் ஆசை உள்ள நண்பர்களுக்கு மூன்றே கேள்விகள், நம்ம ஆடிட் படிவம் மாதிரி.

1. உங்கள் பாத்திரம் யாருக்காகக் கவலைப்படுகிறான்? பெயர் உண்டா?
2. அவன் சாகாமல் கதையை முடிக்க முடியுமா? முடியும் என்றால் ஏன் சாகடிக்கிறீர்கள்?
3. அவன் காதலுக்கு டிராகன், சாபம், அவதாரம், மது என்று ஏதாவது சாக்கு வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அடித்துவிடுங்கள்.

மூன்றுக்கும் ஒழுங்கான பதில் கிடைத்தால் அந்தக் கணக்கை மூடிவிடலாம்.

கல்வராயன் மலைக்கு மேலே டிராகன் பறக்கிற ஒரு தமிழ்க் கதையை யாராவது எழுதுங்களேன். பெரியார் அருவிக்குப் பக்கத்தில் முட்டை பொரியட்டும், குட்டி டிராகன் யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கட்டும். முதல் ஆளாக நான் படிக்கிறேன். நன்றாக இல்லை என்றால் அதையும் சொல்லிவிடுவேன்!